அக்டோபர் முடியும் வரை

செப்டம்பர் 12, வெள்ளி

ஃப்ரீசர் காலையில் மைனஸ் 78, மாலையில் மைனஸ் 76. அலுவலகத்திலிருந்து வந்த பட்டியலில் அதற்கு எதிரே "கண்டம்", அதாவது கழித்துவிட வேண்டியது, என்று எழுதியிருக்கிறார்கள். பெட்டியைக் கண்டம் செய்யலாம், அதற்கு வயதாகிவிட்டது. உள்ளே இருக்கும் சீரத்தை, இரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரை, என்ன செய்வது என்றுதான் பட்டியலில் இல்லை. கேட்டதற்கு, "மேடம், அதற்கு இருப்புப் பதிவேட்டில் எண்ணே இல்லையே" என்றார் உதவியாளர். அவர் சொன்னது உண்மைதான். வீட்டுத் தூசி உண்ணியால் மூச்சிரைக்கும் நோயாளிகளின் சீரமும், குடலில் கொக்கிப்புழுவோடு வாழ்ந்தும் தும்மல்கூடப் போடாதவர்களின் சீரமும் ஒரே அடுக்கில் இருக்கின்றன. இரு சாராருக்கும் ஒவ்வாமையைக் கிளப்பும் எதிர்ப்பொருளான ஐ.ஜி.இ. எக்கச்சக்கம். ஒருவருக்கு நோய், மற்றவருக்கு ஒன்றுமில்லை. என் வேலைக்காலம் முழுவதும் இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 13, சனி

இரவுக் காவலரிடம் என் கைபேசி எண்ணை மறுபடியும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 17, புதன்

சீரத்தில் அப்படி என்னதான் இருக்கிறது என்று உதவியாளர் இன்று கேட்டார். பரிகாசமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். படிக்கட்டில் நின்றபடி சொல்ல முடியாத பதில் என்பதால் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

1921-இல் கார்ல் பிராஸ்னிட்ஸ் தன் சகாவான ஹைன்ஸ் க்யுஸ்ட்னரின் சீரத்தில் சிறிது எடுத்துத் தன் வயிற்றுத் தோலுக்குள் செலுத்திக்கொண்டார். க்யுஸ்ட்னருக்கு மீன் ஆகாது. பிராஸ்னிட்ஸை மீன் ஒன்றும் செய்யாது. மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றைச் செலுத்தியதும் அந்த இடம் மட்டும் சிவந்து தடித்தது. ஒவ்வாமை ஒருவர் உடலிலிருந்து இன்னொருவர் உடலுக்குச் சீரத்தின் வழியாகவே போகக்கூடியது என்பது அன்று தெரிந்துவிட்டது. போவது எது என்று தெரிய நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அளவு அவ்வளவு குறைவு. சாதாரண மனிதரின் சீரத்தில் மிகுதியாக உள்ள எதிர்ப்பொருளான ஐ.ஜி.ஜி. இருக்கும் அளவோடு ஒப்பிட்டால், ஐ.ஜி.இ. ஏறத்தாழ லட்சத்தில் ஒரு பங்குதான். டென்வரில் கிமிஷிகே இஷிசாகாவும் அவருடைய மனைவி தெருகோவும் ராக்வீட் என்னும் களைச்செடியின் மகரந்தம் ஒவ்வாதவர்களின் சீரத்தைப் பிரித்து, மேலும் பிரித்து, எந்தப் பகுதியில் வீரியம் இருக்கிறது என்பதைத் தங்கள் தோலிலேயே சோதித்துப் பார்த்து, 1966-இல் அதைப் பிடித்தார்கள். ஸ்வீடனின் உப்சாலாவில் யோஹான்சனும் பென்னிச்சும் மைலோமா என்னும் இரத்தப் புற்றுநோய் கண்ட ஒருவரின் இரத்தத்தில் விசித்திரமான ஒரு புரதத்தைக் கண்டார்கள். இரண்டும் ஒன்றே என்று தெளிந்து, 1968-இல் உலக சுகாதார நிறுவனம் அதற்கு ஐ.ஜி.இ. என்று பெயரிட்டது.

அந்தத் தோல் சோதனையின் வழித்தோன்றலைத்தான் நாங்கள் புறநோயாளிப் பிரிவில் செய்தோம். முன்கையில் பேனாவால் குறியிட்டு, ஒரு சொட்டுச் சாறு வைத்து, லான்செட்டால் மேலாகக் குத்திவிட்டு, 15 நிமிடம் காத்திருக்க வேண்டும். கொசு கடித்தாற்போல் தடிப்பு எழும். அதன் விளிம்பைப் பேனாவால் சுற்றி வரைந்து, செல்லோ டேப்பை அழுத்தி எடுத்து நோட்டில் ஒட்டினால் தடிப்பின் வடிவம் தாளில் அப்படியே இறங்கிவிடும். அந்த நோட்டுகள் பழுப்பேறிப்போய் அலமாரியில் இருக்கின்றன. அவற்றுக்கும் பதிவேட்டில் எண் கிடையாது.

செப்டம்பர் 19, வெள்ளி

மைனஸ் 74. மெக்கானிக் வரவில்லை.

செப்டம்பர் 22, திங்கள்

நம் ஊரில் விடாத இருமலுக்கெல்லாம் "ஈஸ்னோபீலியா" என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். மருந்துக் கடைக்காரர்கூடச் சொல்வார். இன்று மாணவி அதைச் சொல்லிச் சிரித்தாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. 1940-இல் மதனப்பள்ளி சானடோரியத்திலிருந்து ஃப்ரிமொட்-மொல்லரும் பார்ட்டனும் எழுதிய கட்டுரை அவளுக்குத் தெரிந்திருக்காது. பார்வைக்குக் காசநோய் போலவே இருந்து, உண்மையில் ஈசினோஃபில் என்னும் வெள்ளை அணுக்கள் பெருகிய நோயாளிகளைப் பற்றியது அது. பிற்பாடுதான் அது யானைக்கால் புழுவின் நுண்புழுக்களுக்கு எதிரான மிகை எதிர்வினை என்று தெரிந்தது.

என்னை இந்தத் துறையிலேயே கட்டிப்போட்டது இந்த நோய்தான். ஒரே தெருவில், ஒரே கொசுக்கடியில், ஒரே புழு. பெரும்பாலானவர்களின் இரத்தத்தில் நுண்புழுக்கள் இரவுதோறும் வந்துபோகும், அவர்களுக்கு எந்த உணர்வும் இருக்காது. அவர்களிடம் ஐ.ஜி.இ.யின் வேலையைத் தடுக்கக்கூடிய ஐ.ஜி.ஜி.4 என்னும் எதிர்ப்பொருள் உயர்ந்திருக்கும், எதிர்வினையைத் தணிக்கும் ஐ.எல்.10 சுரந்துகொண்டிருக்கும். மிகச் சிலருக்கு மட்டும் நுரையீரல் கொந்தளித்து, நள்ளிரவில் இருமி எழுந்து உட்கார வேண்டியிருக்கும். அவர்களின் இரத்தத்தில் நுண்புழுவைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது, ஐ.ஜி.இ. மட்டும் மலைக்க வைக்கும். ஆகவே, இவருக்கு ஏன் நோய் வந்தது என்று கேட்பதைவிட, அடுத்த வீட்டுக்காரருக்கு ஏன் வரவில்லை என்று கேட்பதே பயனுள்ளது என்று எனக்குப் பட்டது. காபோனில் பள்ளிக் குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2000-இல் வெளிவந்தபோது மனம் நிறைந்தது: சிஸ்டோசோம் புழு உள்ள குழந்தைகளின் தோல், தூசி உண்ணிக்குக் குறைவாகவே தடித்தது. பின்னர் புழு மருந்து கொடுத்துப் பார்த்தபோது தடிப்பு கூடியது.

உடனே புழுவை மருந்தாக்கிவிடலாம் என்று கிளம்பியவர்களும் உண்டு. ஆஸ்துமாக்காரர்களுக்குக் கொக்கிப்புழுவைக் கொடுத்துப் பார்த்த சோதனையில் சொல்லிக்கொள்ளும்படி பலன் ஏதும் இல்லை.

செப்டம்பர் 25, வியாழன்

தூக்கம் வரவில்லை. நான் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்த காலத்தில் "ஒடுக்கும் டி செல்" என்று, உடலின் எதிர்வினையை அடக்கும் வெள்ளை அணு என்ற பொருளில், ஆய்வு விண்ணப்பத்தில் எழுதினால் பணம் வராது. கெர்ஷானும் கோண்டோவும் 1970-இல் தொடங்கிவைத்த அந்தக் கருத்து பத்தாண்டுக் காலம் கொடிகட்டிப் பறந்தது. ஒடுக்கும் செல்லின் அடையாளம் என்று எல்லோரும் நம்பிய ஐ-ஜே மூலக்கூறுக்கான மரபணு, இருக்க வேண்டிய இடத்தில் இல்லவே இல்லை என்று 1983-இல் தெரிந்ததும் மொத்தத் துறையும் அதைக் கைகழுவியது. என் வழிகாட்டி, "அம்மா, அந்த வார்த்தையை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் எழுது" என்பார். நானும் அப்படியே எழுதினேன். சான்று சரிந்தது வேறு, நிகழ்வு பொய்யானது வேறு என்று அன்று சொல்லும் நிலையில் நான் இல்லை. யானைக்கால் புழுக்காரர் ஒடுக்கப்பட்ட எதிர்வினையோடு என் முன்னால் உட்கார்ந்திருந்தார், அதற்குரிய செல்லுக்குப் பெயர் சொல்லத் தடை.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. மாணவிகள் சென்ட்ரிஃப்யூஜுக்கும் நுண்ணோக்கிக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டு, கண்டம் என்று ஒட்டிய காகிதத்தின் மேலேயே ஒரு பொட்டு வைத்தார்கள். பொரிகடலை நன்றாக இருந்தது.

அக்டோபர் 6, திங்கள்

பிற்பகல் மூன்று மணிக்கு மருத்துவ நோபல் பரிசு அறிவிப்பு. பிரன்கோ, ராம்ஸ்டெல், சகாகுச்சி. மாணவிகள் கத்தியதில் பக்கத்து ஆய்வகத்திலிருந்து ஓடி வந்தார்கள்.

நிஷிசுகாவும் சகாகுராவும் 1969-இல், பிறந்த மூன்றாம் நாளில் சுண்டெலியின் தைமஸை எடுத்துவிட்டால் அதன் சூலகம் அழிகிறது என்று காட்டினார்கள். பாதுகாக்கும் செல்களை உண்டாக்கும் உறுப்பை எடுத்தால் பாதுகாப்புக் குறைய வேண்டும், உடல் தன்னையே தாக்கத் தொடங்குவானேன்? எல்லோரும் வேறு வேலைக்குப் போன பிறகும் சகாகுச்சி இந்தக் கேள்வியை விடவில்லை. 1995-இல் அவர் மேற்பரப்பில் சிடி25 என்னும் அடையாளம் உள்ள டி செல்களை மட்டும் நீக்கிவிட்டு, மீதியைத் தைமஸ் இல்லாத எலிகளுக்குள் செலுத்தினார். தைராய்டு, இரைப்பை, சூலகம் என்று ஒவ்வொன்றும் தாக்கப்பட்டது. நீக்கிய செல்களைத் திருப்பிச் சேர்த்ததும் நோய் வரவில்லை. ஒடுக்கும் செல் இப்படி "ஒழுங்குபடுத்தும் செல்" என்ற புதுப் பெயரில் திரும்பி வந்தது. அந்தக் கட்டுரையின் நகலை நான் நூலகத்தில் எடுத்தேன், இன்றும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

2001-இல் பிரன்கோவும் ராம்ஸ்டெலும், ஸ்கர்ஃபி என்னும் நோயுற்ற எலிகளிடம் பழுதாகியிருந்த ஃபாக்ஸ்பி3 மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். அந்த ஒழுங்குபடுத்தும் செல்கள் உருவாக இந்த மரபணு வேண்டும் என்று பிறகு தெரிந்தது. அதே மரபணு மனிதக் குழந்தைகளில் பழுதானால் ஐபெக்ஸ் என்னும் கொடிய நோய். கைக்குழந்தைக்கு நீரிழிவு, ஓயாத வயிற்றுப்போக்கு, அதோடு கரப்பான் என்னும் தோல் அழற்சி, உணவு ஒவ்வாமை, உச்சத்தில் ஐ.ஜி.இ. தன்னுடலைத் தாக்கும் நோயும் ஒவ்வாமையும் தனித்தனித் துறைகள் என்று மாநாடுகளில் எங்களைத் தனித்தனி அறைகளில் உட்கார வைத்தார்கள். ஒரே ஒரு மரபணு பழுதான அந்தக் குழந்தையிடம் இரண்டும் சேர்ந்தே வருகின்றன. நாளை நாளிதழ்களில் அந்தச் செல்களை "பிரேக்" என்று போடுவார்கள். போடட்டும்.

அக்டோபர் 7, செவ்வாய்

ராம்ஸ்டெல் மலைக்காட்டில் நடந்துகொண்டிருந்தாராம், கைபேசியில் யாரும் பிடிக்க முடியவில்லை. மனைவி போட்ட கூச்சலைக் கேட்டுக் கரடி வந்துவிட்டது என்று நினைத்தாராம். காலையிலிருந்து இதை நினைத்து நினைத்துச் சிரிக்கிறேன்.

அக்டோபர் 10, வெள்ளி

சீரத்தைப் பெற்றுக்கொள்ள ஒப்புக்கொண்ட ஆய்வகத்திலிருந்து கடிதம். நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், நோயாளிகளின் ஒப்புதல் படிவங்களும் வேண்டும். நியாயமான கேள்விதான். ஆனால் தொண்ணூறுகளில் நாங்கள் வாங்கிய ஒப்புதல், "இந்த ஆய்வுக்காக" என்ற அளவில் நின்றுவிடும் ஒரு பத்தி; கீழே கையெழுத்து, பல இடங்களில் பெருவிரல் ரேகை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 நெறிமுறைகளின்படி, அடையாளம் நீக்கிய பழைய மாதிரிகளுக்குக் குழு விலக்கு அளிக்கலாம். அளிக்குமா? அளித்தாலும், ரேகை வைத்த அந்தப் பெண்களில் ஒருவர் இன்று எதிரே வந்து, "என் இரத்தத்தை வைத்து இன்னும் என்னம்மா பண்றீங்க?" என்று கேட்டால், புழுவை ஒழித்த ஊரில் இனி இப்படிப்பட்ட சீரம் கிடைக்காது என்பதைத்தான் சொல்வேன். அது எனக்குப் போதுமான காரணம். அவருக்குப் போதுமா என்று தெரியவில்லை. இரவு உணவு இறங்கவில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

மகள் அழைத்தாள். "அம்மா, பாப்பாவுக்கு ஆறு மாசம் ஆச்சு. வேர்க்கடலை குடுக்கலாமா? இங்க எல்லாரும் பயமுறுத்துறாங்க." 2000-ஆம் ஆண்டில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள், ஒவ்வாமை வாய்ப்புள்ள குழந்தைகளுக்கு மூன்று வயது வரை கடலையே கூடாது என்றார்கள். 2015-இல் லண்டனில் கிடியன் லேக் குழுவினர் 640 குழந்தைகளைக் கொண்டு நடத்திய ஆய்வு அதைத் தலைகீழாக்கியது: தவிர்த்தவர்களில் ஐந்து வயதில் 17.2 விழுக்காட்டினருக்குக் கடலை ஒவ்வாமை, சாப்பிட்டவர்களில் 3.2. பாப்பாவுக்குக் கரப்பான் இருக்கிறதா, முட்டை கொடுத்தாயா என்று கேட்டேன். இரண்டுக்கும் நல்ல பதில். அப்படியானால் முழுக் கடலை வேண்டாம், தொண்டையில் அடைக்கும், அரைத்துக் கூழில் கலந்து கொடு, பிறகு வாரந்தோறும் விடாமல் கொடு என்றேன். குடல் வழியாக முதலில் அறிமுகமானால் ஒழுங்குபடுத்தும் செல்கள் அதை ஏற்கக் கற்கின்றன, வெடித்த தோல் வழியாக முதலில் நுழைந்தால் ஐ.ஜி.இ. பிறக்கிறது என்ற விளக்கத்தைத் தொடங்குவதற்குள் பாப்பா அழுதுவிட்டது.

அக்டோபர் 21, செவ்வாய்

தீபாவளிப் புகையோடு மழை. மைனஸ் 69. கதவைத் திறக்கவே கூடாது என்று எழுதி ஒட்டிவிட்டேன்.

அக்டோபர் 24, வெள்ளி

குழு விலக்கு அளித்துவிட்டது. பெயர், ஊர் இரண்டையும் நீக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. திங்கட்கிழமை உலர்பனி வருகிறது. மாணவியை உட்காரவைத்து வரிசை சொன்னேன். முதலில் யானைக்கால் புழுவின் இரு தரப்புச் சீரமும் சோடி சோடியாகப் போக வேண்டும், ஒரு தரப்பு மட்டும் போனால் எதற்கும் உதவாது. ஐ.ஜி.ஜி.4-ஐ நீக்கிவிட்டு, அதே சீரம் ஒவ்வாமையைக் கிளப்பும் மாஸ்ட் செல்லைத் தூண்டுகிறதா என்று முதலில் அவர்கள் பார்க்கட்டும். அடுத்து கொக்கிப்புழு. தூசி உண்ணி சீரம் இடமிருந்தால் போகலாம், அது எங்கும் கிடைக்கும். செல்லோ டேப் நோட்டுகளை யார் கேட்டாலும் கொடுக்க வேண்டாம், முதலில் ஸ்கேன் செய்துவிட வேண்டும்.