கணக்கில் வராத உள்ளான்

கோடியக்கரை உப்பளத்தில் பறவைக் கணக்கெடுக்கப் போகிற எங்களில் கரண்டிமூக்கு உள்ளானை நினைக்காமல் போகிறவர் யாருமில்லை. அலகு நுனி கரண்டிபோல் தட்டையான சின்னக் கரைப்பறவை, முன்பு அங்கே பதிவானது. ருஷ்யாவின் சுகோட்காவில் குஞ்சு பொரித்து, மியான்மரின் மொட்டாமா வளைகுடா, வங்கதேசக் கரை என்று குளிர்காலம் கழிக்கிறது. உலகத்திலேயே சில நூறுதான் மிச்சம்.

அன்று வெயில் ஏறி, பாத்தியெல்லாம் கானல். அதைப்போலவே இருக்கும் கொசு உள்ளான் கூட்டத்தில் ஒன்று மட்டும் வேறாகத் தெரிந்தது. நெற்றி நல்ல வெளுப்பு, மார்பில் கறையே இல்லை, தலையும் சற்றுப் பெரிது. கால் கறுப்பு, அது கொசு உள்ளானுக்கும் கறுப்புதான், உதவாது. அலகு பக்கவாட்டில் மட்டுமே கிடைத்தது. நுனித் தட்டை தெரிய அது நேராக நம் பக்கம் திரும்ப வேண்டும். அலகில் சேறு அப்பிய கொசு உள்ளான்கூடக் கரண்டிமூக்காகத் தெரியும்.

உடன் வந்த பெரியவர் இளவயதில் வலைவைத்துப் பறவை பிடித்தவர், பிறகு ஆராய்ச்சிக்காகப் பறவைக் காலில் வளையம் போடும் வேலையில் இருந்தவர். ஸ்கோப்பில் ஒரு தடவை பார்த்ததோடு சரி.

"இது அதுதான் தம்பி."

"மூக்கைப் பார்த்தீங்களா ஐயா?"

"மூக்கை எதுக்குப் பார்க்கணும்? மேயுறதப் பாரு."

மற்றவை தையல் மிஷின் ஊசி மாதிரி குத்திக்கொண்டிருக்க, இது தலையைத் தாழ்த்தி, அலகைத் தண்ணீரிலேயே வைத்து இருபுறமும் அலசிக்கொண்டே நகர்ந்தது. நானும் பார்த்தேன். கேமராவை எடுப்பதற்குள் கூட்டம் மொத்தமாக எழும்பிவிட்டது.

தாளில் 'உள்ளான், இனம் உறுதியில்லை' என்று எழுதினேன்.

"அப்ப நான் பார்த்தது கணக்குல வராதா?" என்றார். கோபமில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "படம் வேணும் ஐயா" என்றேன்.

இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். இத்தனை அரிய பறவைக்கு ஒரு பொய்ப் பதிவு போதும், அந்த இடத்தின் அடுத்த பத்துப் பதிவுகளையும் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் கையில் பிடித்து இறக்கை அளந்தே பழகிய ஒருவருடைய கண்ணைவிட, கானலில் கலங்கிய ஒரு படத்தை நான் பெரிதாக மதிப்பது எந்தக் கணக்கு? மேய்கிற விதமும் அடையாளம்தான் என்று புதிதாக வருகிறவர்களுக்கு நானே வகுப்பெடுக்கிறேன். அது சந்தேகத்தைக் கிளப்ப மட்டும்தானா, தீர்க்க இல்லையா? அவர் கண்ணும் ஏமாந்திருக்கலாம். அவரிடம் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது.

அவர் சொன்னதைச் சொன்னபடியே குறிப்புப் பத்தியில் எழுதி அனுப்பினேன். தொகுத்து வந்த அறிக்கையில் குறிப்புப் பத்தியே இல்லை.