வெளிநாட்டுக் குழாய்த் தண்ணீர்: காய்ச்சினால் மட்டும் போதுமா?

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கமிருந்து வெளிநாடு போகிறவர்கள் பெட்டியில் புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, ஊறுகாய் எல்லாவற்றையும் கணக்குப் பார்த்து அடுக்குகிறார்கள். தண்ணீருக்கு மட்டும் ஒரே அறிவுரை: "எங்க போனாலும் காய்ச்சிக் குடி." நல்ல அறிவுரைதான், ஆனால் பாதி. மீதிப் பாதி மற்ற ஊர்க்காரர்களைவிட நமக்கு நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும்.

பென்னாகரம், பாலக்கோடு பக்கத்து போர்வெல் தண்ணீர் பலவும் பார்க்கக் கண்ணாடி மாதிரிதான் இருந்தது. அதைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை ஏறியது. வயதானவர்களுக்கு முட்டியும் முதுகும் இறுகியது. பாறையிலிருந்து கரைந்து வரும் ஃபுளோரைடு செய்த வேலை அது. இந்தியத் தர அளவுப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாத இடத்தில் 1.5 வரை. இந்தத் தண்ணீரை எவ்வளவு நேரம் காய்ச்சினாலும் ஃபுளோரைடு போகாது. ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான். ஒரு லிட்டரைக் காய்ச்சி முக்கால் லிட்டராகச் சுண்டவிட்டால், 1.5 ஆக இருந்த அளவு லிட்டருக்கு 2 மில்லிகிராம் ஆகிவிடும். இந்தக் காரணத்துக்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போட்டு, 2013-ல் இரண்டு மாவட்டங்களுக்கும் காவிரித் தண்ணீரைக் கொண்டுவந்தார்கள்.

ஆகவே எந்த நாட்டில் குழாயைத் திறந்தாலும் முதலில் கேட்க வேண்டியது, அங்கே பயம் கிருமியா, கரைந்திருக்கும் பொருளா என்பது. கிருமிக்குக் கொதி, குளோரின், புற ஊதா விளக்கு என்று மருந்து உண்டு. ஈயம், ஆர்செனிக், ஃபுளோரைடு, நைட்ரேட் இவற்றுக்கு அந்த மூன்றும் உதவாது. ஆர்.ஓ. வேண்டும், இல்லையென்றால் வேறு தண்ணீர் வேண்டும்.

அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில் டொலிடோ நகரில் 2014 ஆகஸ்டில் இதுதான் நடந்தது. ஏரியில் பாசி பெருகி அதன் நஞ்சு குடிநீரில் கலந்ததும், நகர நிர்வாகம் "குடிக்காதீர்கள், காய்ச்சவும் காய்ச்சாதீர்கள்" என்று அறிவித்தது. காய்ச்சினால் நஞ்சு இன்னும் செறிவாகும் என்பதால் அப்படிச் சொன்னார்கள். நீங்கள் தங்கும் ஊரில் தண்ணீர் எச்சரிக்கை வந்தால் "காய்ச்சிக் குடிக்கவும்" என்கிறார்களா, "குடிக்கவே வேண்டாம்" என்கிறார்களா என்று நிதானமாகப் படியுங்கள். முதலாவது கிருமிக்கு, இரண்டாவது ரசாயனத்துக்கு.

நம் ஆட்கள் அதிகம் போகும் நாடுகளுக்கு வருவோம். சிங்கப்பூரில் குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம், பாட்டில் வாங்குவது வீண் செலவு. அங்கே பல் சொத்தைக்காக 1950-களிலிருந்து ஃபுளோரைடை அளந்து சேர்க்கிறார்கள் என்று கேட்டதும் நம் ஊர்க்காரர்கள் பதறுவார்கள். பதற வேண்டாம், சேர்ப்பது நம் ஊர் போர்வெல்லில் இருந்ததைவிட மிகக் குறைவான, கட்டுப்பாட்டில் உள்ள அளவு. ஓசூர்த் தொழிற்சாலைகளிலிருந்து பயிற்சிக்குப் போகும் ஜப்பானிலும் ஜெர்மனியிலும் கவலையில்லை. ஆனால் ஐரோப்பாவில் ரயில் கழிவறைக் குழாயும் சில பொது நீரூற்றுகளும் குடிநீர் அல்ல. ஜெர்மனியில் "கைன் டிரிங்க்வாசர்", பிரான்சில் "ஓ நோ போத்தாப்ல்" என்று எழுதியிருந்தால் கை கழுவ மட்டும்தான். விமானக் கழிவறைக் குழாயும் அப்படித்தான், பல் துலக்கவும் அது வேண்டாம். மலேசியாவில் சுத்திகரித்த தண்ணீர்தான் வருகிறது, ஆனால் பழைய குழாய்களாலும் டேங்குகளாலும் அங்கே இருப்பவர்களே காய்ச்சியோ வடிகட்டியோதான் குடிக்கிறார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள். தாய்லாந்து, பாலி, நேபாளம் போனால் குழாய்ப் பக்கமே போக வேண்டாம். இலங்கையில் பாட்டில் அல்லது காய்ச்சிய தண்ணீர். அனுராதபுரம் பக்கம் நிலத்தடி நீரில் நம் ஊரைப் போலவே ஃபுளோரைடு அதிகம், அங்கே கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சிக் கொடுத்தாலும் தவிர்த்துவிடுங்கள்.

வளைகுடாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். துபாயில் கடல் நீரைச் சுத்திகரித்து அனுப்பும் தண்ணீர் நல்ல தண்ணீர். கெட்டுப்போவது கட்டடத்துக்குள். மொட்டை மாடி டேங்கில் கோடை வெயிலில் கிடந்து, பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்தாலே வெந்நீராக வரும். அந்தச் சூட்டில் குளோரின் சீக்கிரம் தீர்ந்துவிடும். 25 முதல் 45 டிகிரி வரை லெஜியோனெல்லா போன்ற கிருமிகளுக்கு வளர ஏற்ற சூடு. டேங்கைக் கழுவி எத்தனை மாதம் ஆயிற்று என்று காவலாளியிடமோ கேம்ப் பொறுப்பாளரிடமோ கேளுங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம், குடிக்கப்போவது நீங்கள். கேம்பில் வைத்திருக்கும் ஸ்டீல் கூலரின் ஃபில்டரில் மாற்றிய தேதி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். மாற்றாத ஃபில்டருக்குள் கிருமி குடியேறிவிடும். கேன் தண்ணீர் வாங்கும் அறையிலும் கேன் சுத்தமாக இருந்து, அதைக் கவிழ்க்கும் டிஸ்பென்சர் வழவழவென்று பாசி பிடித்திருப்பது சர்வசாதாரணம். குழாய் முனைக்குள் விரலை விட்டுத் தடவினால் தெரிந்துவிடும்.

இங்கிலாந்துக்குப் படிக்கப் போகிற பிள்ளைகளுக்கு வேறு விஷயம். 1970-க்கு முன் கட்டிய வீடுகளில் ஈயக் குழாய் இன்னும் இருக்கலாம். சமையலறைப் பச்சைத் தண்ணீர்க் குழாய்தான் பொதுவாக நேர் இணைப்பு, பழைய வீடுகளில் குளியலறைக் குழாய்க்குப் பரண் டேங்கிலிருந்து வரும். காலையில் முதல் தண்ணீரை ஓரிரு நிமிடம் ஓடவிட்டுப் பிறகு பிடியுங்கள், இரவெல்லாம் குழாயில் நின்ற தண்ணீரில்தான் ஈயம் அதிகம் இறங்கியிருக்கும். சீக்கிரம் கொதிக்கட்டும் என்று வெந்நீர்க் குழாயிலிருந்து கெட்டிலில் பிடிக்காதீர்கள், சூட்டில் ஈயம் இன்னும் அதிகமாகக் கரையும். லண்டனில் டீயின் மேல் ஏடு மாதிரி மிதப்பது சுண்ணாம்பு, அதனால் கெடுதல் இல்லை.

சரி, காய்ச்சுவது. தண்ணீர் தளதளவென்று கொதித்து 1 நிமிடம் ஆனால் போதும். பத்து நிமிடம் கொதிக்கவிடுவது எரிவாயுவுக்குத்தான் நஷ்டம். உயரம் கூடினால் கதை மாறும். 2,000 மீட்டருக்கு மேல் 3 நிமிடம். முக்திநாத் சேவிக்கப் போகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அங்கே 3,700 மீட்டருக்கு மேல் தண்ணீர் சுமார் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். தளதளப்பு அதேதான், சூடுதான் குறைவு. காய்ச்சிய தண்ணீரை அதே பாத்திரத்தில் மூடி ஆறவிடுங்கள். பச்சைத் தண்ணீரில் அலசிய பாட்டிலில் ஊற்றினால் பட்ட பாடு வீண்.

நம் ஊர்க் கெட்டிலைத் தூக்கிக்கொண்டு ஜப்பான் போகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். நம் மின்சாரம் 230 வோல்ட், அங்கே 100. இங்கே 1,500 வாட் இழுக்கும் கெட்டில் அங்கே 300 வாட்டைக்கூடத் தொடாது. ஒரு லிட்டர் கொதிக்க இருபது நிமிடமாவது ஆகும். பாதியில் பொறுமை இழந்து வெதுவெதுப்பாகவே குடித்துவிடுவதுதான் நடக்கிறது. அமெரிக்காவிலும் 120 வோல்ட்தான், அங்கேயே மலிவாக ஒரு கெட்டில் வாங்கிவிடுங்கள். மாறாக ஜப்பானில் வாங்கியதை இங்கே கொண்டுவந்து செருகினால் எரிந்துபோகும்.

காய்ச்ச வழியில்லாத இடத்துக்கு மெடிக்கலில் கிடைக்கும் குளோரின் மாத்திரை நல்லது. அட்டையைப் படித்து வாங்குங்கள். 1 லிட்டருக்கு ஒன்று, 20 லிட்டருக்கு ஒன்று என்று வெவ்வேறு அளவில் வரும். குடத்துக்கான மாத்திரையை லிட்டர் பாட்டிலில் போட்டால் வாயில் வைக்க முடியாது. போட்டு 30 நிமிடம் காத்திருக்க வேண்டும், தண்ணீர் குளிர்ச்சியாக இருந்தால் இன்னும் கூடுதலாக. கலங்கிய தண்ணீரை முதலில் சுத்தமான வேட்டித் துணியை நாலாக மடித்து வடிகட்டுங்கள், இல்லையென்றால் அழுக்கே குளோரினைத் தின்றுவிடும். பாட்டிலை லேசாகக் கவிழ்த்து மூடியைச் சற்றுத் தளர்த்தி மருந்து கலந்த நீர் திருகுப் பள்ளத்தில் கசியும்படி செய்யுங்கள், உதடு படும் இடம் அதுதான். குளோரினுக்குக் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி அசையாது, அதற்குக் கொதியோ 1 மைக்ரானுக்குக் குறைந்த துளையுள்ள ஃபில்டரோதான் வழி.

பயண ஃபில்டர்கள் 0.1, 0.2 மைக்ரான் என்று விற்கின்றன. பாக்டீரியாவையும் ஒட்டுண்ணியையும் நிறுத்தும், வைரஸ் நழுவிவிடும். நேபாளத்தில் இதோடு மாத்திரையும் சேர்த்துப் போடுங்கள். ஒருமுறை நனைந்த ஃபில்டர் குளிரில் உறைந்தால் உள்ளே இழைகள் வெடித்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. மலையில் இரவு அதைப் போர்வைக்குள் வைத்துத் தூங்குங்கள். ஐரோப்பியக் கடைகளில் விற்கும் கரி ஃபில்டர் ஜாடி சுவைக்குத்தான், கிருமிக்கு அல்ல.

டி.டி.எஸ். பேனாவைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. நம் மாவட்டத்தில் ஆர்.ஓ. பொருத்த வருகிறவர்கள் இதைத்தான் தண்ணீரில் முக்கிக் காட்டுகிறார்கள், அதனால் பலர் அதை வெளிநாட்டுக்கும் கொண்டுபோகிறார்கள். அது காட்டுவது கரைந்திருக்கும் உப்பின் மொத்தக் கணக்கு. 500 என்று காட்டும் தண்ணீரில் ஃபுளோரைடு 1 இருந்தாலும் 3 இருந்தாலும் எண்ணில் வித்தியாசம் தெரியாது. 50 என்று காட்டும் தண்ணீரில் காலரா கிருமி இருந்தாலும் பேனாவுக்குத் தெரியாது. பெட்டியில் அந்த இடத்துக்கு ஓ.ஆர்.எஸ். பாக்கெட் வையுங்கள்.

பாட்டில் தண்ணீரே குடிப்பவர்களும் ஐஸில் ஏமாறுகிறார்கள். உறைந்தால் கிருமி சாகாது. தண்ணீர் சரியில்லாத நாட்டில் ஐஸ் போட்ட ஜூஸ், குழாயில் கழுவிய சாலட், வெட்டி வைத்த பழம் மூன்றையும் விடுங்கள். தோல் உரித்துச் சாப்பிடும் வாழைப்பழம் பயமில்லை. பல் துலக்கும் தண்ணீரும் குடிநீர்க் கணக்கில்தான் சேரும். பவுடர் பால் குடிக்கும் குழந்தைக்கு எந்த நாட்டிலும் கொதித்த தண்ணீர் 70 டிகிரிக்குக் கீழே இறங்குமுன் பவுடரைக் கலந்து, பிறகு ஆற்றிக் கொடுக்க வேண்டும். கிருமி பவுடரிலேயே இருக்கலாம் என்பதுதான் காரணம்.

"தண்ணி மாறினா சளி பிடிக்கும்" என்பதை நம்ப வேண்டாம். சளி வைரஸால் வருவது, அதற்கு விமானத்தில் அடைந்து உட்கார்ந்த நேரமே போதும். வயிறு இளகுவது வேறு. சல்பேட் அதிகமான தண்ணீரில் கிருமி இல்லாமலேயே ஓரிரு நாள் இளகும், தானே சரியாகும்.

உண்மையான பயண வயிற்றுப்போக்கு வந்தால் முதல் வேலை ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட் 1 லிட்டருக்கு, சிறியது 200 மில்லிக்கு. அட்டையில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும், குறைந்த தண்ணீரில் கெட்டியாகக் கரைத்தால் போக்கு கூடும். பாக்கெட் இல்லையென்றால் 1 லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் சமமாக வழித்த 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல், குடித்ததெல்லாம் வாந்தி, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். கர்ப்பிணிக்குக் கண்ணில் மஞ்சள் தெரிந்தால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது. தண்ணீர் வழியாகப் பரவும் ஹெபடைடிஸ் இ, கடைசி மூன்று மாதங்களில் உயிரையே பறிக்கக்கூடியது, அதற்கு இங்கே போட்டுக்கொண்டு போக வழக்கமான தடுப்பூசியும் கிடையாது. ஹெபடைடிஸ் ஏ, டைபாய்டு இரண்டுக்கும் ஊசி உண்டு, கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.