நேவில பிளேன் ஓட்டணும்னு கேக்குற நம்ம மலையகப் பிள்ளைங்களுக்கு

தலவாக்கலை, பொகவந்தலாவை, பண்டாரவளை பக்கத்துல ஏ.எல் மெத்ஸ் படிக்கிற பிள்ளைங்க எனக்கு மெசேஜ் போட்டா கிட்டத்தட்ட ஒரே கேள்விதான் வருது. அக்கா, கப்பல்ல இருந்து பிளேன் கிளம்புற வீடியோ பார்த்தேன், அந்த வேலைக்கு எப்படி போறது, என்ன படிக்கணும்னு. நான் பிளேன் மெயின்டனன்ஸ் லைசன்ஸ் பேப்பர்கள எழுதி இப்போ அந்த வேலையில இருக்கேன், நேவி இல்ல சிவில் பக்கம்தான், ஆனா கப்பல் பிளேன் மேல இருந்த ஆசையிலதான் நானும் இந்தப் பக்கமே வந்தேன், அதனால தெரிஞ்சத எல்லாம் ஒரே இடத்துல எழுதி வைக்கிறேன்.

முதல்ல குடியுரிமை விசயம், இத யாரும் சொல்லாம விட்டுடுறாங்க. நீங்க பாக்குற வீடியோல முக்கால்வாசி அமெரிக்க நேவியோடது. அங்க பைலட்னா ஆபீசர், ஆபீசர்னா அமெரிக்க குடியுரிமையும் டிகிரியும் கட்டாயம். ஏ.எஸ்.டி.பின்னு ஒரு தேர்வு இருக்கு, வாழ்நாள்ல 3 தடவைதான் எழுதலாம், அதுக்கு அப்புறம்தான் புளோரிடால இருக்குற பென்சகோலால பயிற்சி தொடங்கும். ஆபீசர் இல்லாம சாதாரண ஆளா சேரணும்னாலும் கிரீன் கார்டாவது வேணும். இங்க இருந்துக்கிட்டு நேரா விண்ணப்பம் போடுற வழியே கிடையாது, போட்டுத் தர்றேன்னு யாராவது காசு கேட்டா குடுத்துடாதீங்க.

அடுத்தது நம்ம ஆளுங்க மட்டும் கேக்குற கேள்வி. மாமா வீடு கூடலூர்ல, சித்தப்பா கோத்தகிரில, அப்போ இந்தியன் நேவில சேரலாமான்னு. சாஸ்திரி சிறிமா ஒப்பந்தத்துல போன குடும்பங்களோட பிள்ளைங்க அங்க இந்தியக் குடிமக்கள், அவங்க தாராளமா சேரலாம். நீங்க இலங்கைக் குடிமகனா இங்க இருந்துக்கிட்டு சேர முடியாது. இலங்கைல இருந்து போய் நிரந்தரமா குடியேறுற இந்திய வம்சாவளி ஆளுங்களுக்கு அவங்க விதியில ஒரு இடம் இருக்கு, ஆனா அதுக்கு இந்திய அரசாங்கத்தோட தகுதிச் சான்றிதழ் வேணும், சொந்தக்காரங்க அங்க இருக்காங்கங்கிறது மட்டும் போதாது.

நம்ம நாட்டுல விமானந்தாங்கிக் கப்பல் இல்ல. கடல் மேல பறந்து கண்காணிக்கிற வேலைய விமானப்படைதான் செய்யுது, திருகோணமலை சீனக்குடாவுல அதுக்குன்னு ஒரு ஸ்குவாட்ரன், அதாவது விமானப் பிரிவு இருக்கு, 2022 ஆகஸ்ட்ல இந்தியா குடுத்த டோர்னியர் 228 அந்த வேலைக்குத்தான் வந்தது. அதனால இங்க கடல் மேல பறக்கணும்னா விமானப்படை விளம்பரத்தப் பாருங்க, நேவி விளம்பரத்துக்காக மட்டும் காத்துக்கிட்டு இருக்காதீங்க. தகுதி தடவைக்குத் தடவை மாறும், அதனால பழைய விளம்பரத்த வச்சு கணக்குப் போடக்கூடாது. ஆனா இந்த மண்ணுக்கும் கப்பல் பிளேனுக்கும் சம்பந்தமே இல்லன்னும் நினைக்காதீங்க. 1942 ஏப்ரல் 9 அன்னிக்கு ஜப்பான் கப்பல்கள்ல இருந்து கிளம்பின பிளேனுங்கதான் திருகோணமலைல குண்டு போட்டு, மட்டக்களப்புக்கு அந்தப் பக்கம் கடல்ல ஹெர்மிஸ்ங்கிற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலையும் மூழ்கடிச்சது. அந்த யுத்த காலத்துல கட்டுகுருந்தையிலயும் புத்தளத்திலயும் பிரிட்டிஷ் நேவியோட விமான தளங்கள் இருந்திருக்கு, புத்தளத்துல சேத்துல மாட்டுன பிளேன யானை வச்சு இழுத்தாங்க.

சரி, பைலட்ட விடுங்க, மத்த வேலைங்களுக்கு வருவோம். எனக்கு இதுதான் முக்கியம். ஒரு பெரிய அமெரிக்க கேரியர்ல, அதாவது விமானந்தாங்கிக் கப்பல்ல, ஏறக்குறைய 5000 பேர் இருப்பாங்க, அதுல பிளேன் ஓட்டுறவங்க ரொம்பக் கொஞ்சம். வீடியோல கலர் கலரா ஜெர்சி போட்டுக்கிட்டு ஓடுறாங்களே, அந்தக் கலர்தான் வேலைய சொல்லும். மஞ்சள் போட்டவங்க பிளேன வழிகாட்டி நகர்த்துறவங்க, பிளேன வேகமா தள்ளி மேல கிளப்புற கேட்டபுல்ட்ட இயக்குற ஆபீசரும் மஞ்சள்தான், அவர ஷூட்டர்னு சொல்வாங்க. ஊதா எரிபொருள், அவங்களுக்கு கிரேப்ஸ்னு பேரு. சிவப்புன்னா ஆயுதம், விபத்து மீட்பு. நீலம் போட்டவங்க டிராக்டர் ஓட்டுறது, சக்கரத்துக்கு கட்டை வைக்கிறது, சங்கிலி போடுறது. பழுப்பு போட்டவங்க ஒவ்வொரு பிளேனையும் பொறுப்பெடுத்து பைலட் கையில குடுக்குறவங்க. பச்சையிலதான் மெக்கானிக்மாரும், கேட்டபுல்ட் ஆட்களும், இறங்குற பிளேன பிடிச்சு நிறுத்துற வயர பார்க்குற ஆட்களும் வருவாங்க. இவங்க எல்லாரும் பறப்பு தொடங்குறதுக்கு முன்ன டெக்ல, அதாவது கப்பலோட மேல்தளத்துல, வரிசையா தோளோட தோள் நின்னு மெதுவா நடந்து, கிடக்குற சின்ன நட்டு, கம்பித் துண்டு எல்லாத்தையும் பொறுக்குவாங்க, அதுக்கு ஃபாட் வாக்னு பேரு. நம்ம அம்மாமார் மலையில நிரை பிடிச்சு கொழுந்து எடுக்குறாங்களே, ஒரு செடியும் விடாம, அப்படியே அந்த நடை. ஒரு சின்ன ஸ்க்ரூ இஞ்சினுக்குள்ள போச்சுன்னா பிளேடு போயிடும், அதனால ஆபீசரும் குனிஞ்சு பொறுக்கத்தான் வேணும்.

அவங்க பேச்சுல வர்ற சொல்லுங்களையும் நிறைய பேர் கேக்குறீங்க. டெக்ல இறங்கி பிளேனோட ஹூக் வயர்ல மாட்டுனா அது ட்ராப், பொறின்னு அர்த்தம். மாட்டாம தப்பிட்டா போல்ட்டர், உடனே திரும்பவும் மேல கிளம்பணும், அதுக்காகத்தான் சக்கரம் தொட்டதுமே பைலட் பவர குறைக்காம முழுசா குடுக்குறாரு. இறங்குறப்போ உயரம் சரியான்னு காட்டுற வெளிச்சத்த மீட்பால்னும் சும்மா பால்னும் சொல்றாங்க. ஓரத்துல நின்னு ரேடியோல திருத்திக்கிட்டே இருக்குற ஆபீசர் பேடில்ஸ், முந்தி கையில மட்டை வச்சு சைகை காட்டுனதால வந்த பேரு. ஸ்குவாட்ரனுக்கு புதுசா வந்த பைலட் நக்கெட். கால்சைன்னா பைலட்டோட பட்டப்பேரு, அது நம்ம இஷ்டத்துக்கு வைக்கிறது இல்ல, கூட இருக்குறவங்க வைக்கிறது, பெரும்பாலும் நீங்க செஞ்ச ஏதாவது கோமாளித்தனத்த வச்சு.

இப்போ படிப்பு. கப்பல் பிளேன் ஆசைய ஏ.எல் பிசிக்ஸோட சேர்த்துப் படிங்க, நான் அப்படித்தான் சார்பு வேகத்த விளங்கிக்கிட்டேன். பிளேன் காத்துல 135 நொட் (கப்பல், பிளேன் வேகத்த அளக்குற அலகு) வேகத்துல இறங்க வருது, எதிர்க்காத்து 10 நொட், கப்பல் அந்தக் காத்த நோக்கி 25 நொட்ல போகுதுன்னு வைங்க, அப்போ டெக்குக்கு சார்பா பிளேனோட வேகம் 100 நொட்தான். கேரியர் ஏன் காத்துக்கு எதிரா திரும்புதுங்கிற கேள்விக்கு பதில் அதுலயே இருக்கு. கேட்டபுல்ட்டயும் போட்டுப் பாருங்க. 2 விநாடில மணிக்கு 260 கிலோமீட்டர்னா ஏறக்குறைய 72 மீட்டர் பர் செகண்ட், ஆர்முடுகல் 36, அதாவது ஈர்ப்பு ஆர்முடுகலப் போல மூன்றரை மடங்குக்கும் மேல. உங்க திணிவ போட்டு சீட் முதுகுல தள்ளுற விசைய கண்டுபிடிங்க, நியூட்டனோட ரெண்டாம் விதி அதுக்கப்புறம் மறக்காது.

நம்ம ஊர்ல இருந்து உண்மையா திறந்து இருக்குற கதவு மெயின்டனன்ஸ்தான். நான் எழுதுனது பார்ட் 66 முறை, அதாவது மெயின்டனன்ஸ் லைசன்ஸுக்கான விதி. கணிதம், பிசிக்ஸ், மின்சாரம், மெட்டீரியல், மெயின்டனன்ஸ் செய்முறை, ஏரோடைனமிக்ஸ், மனிதக் காரணிகள், சட்டம்னு மொடியூல் மொடியூலா போகும். ஏ.எல் பிசிக்ஸ் எம்.சி.கியூ 50 கேள்விக்கு 2 மணித்தியாலம், விடை 5, ஒரு கேள்விக்கு ரெண்டு நிமிசத்துக்கு மேல கிடைக்கும். இங்க விடை 3தான், ஆனா ஒரு கேள்விக்கு 75 செக்கன், பாஸ் மார்க் 75 வீதம். பிழைக்கு மார்க் கழிக்கிறது இல்ல, அதனால ஒண்ணையும் வெறுமையா விடாதீங்க. பழைய வினாத்தாள மனப்பாடம் பண்ணி வந்த பிள்ளைங்க இங்க தடுமாறுறத பார்த்திருக்கேன், கேள்விய ரெண்டாந்தடவ வாசிக்க நேரமே இருக்காது.

நேரம் எங்க போகுதுன்னா கணக்குல இல்ல, இங்கிலீஷ்ல. தமிழ் மீடியத்துல முறுக்கம், உராய்வு, இழுவிசைன்னு படிச்சிட்டு வந்த பிள்ளைக்கு டார்க், ஃப்ரிக்ஷன், டென்ஷன்னு பார்த்ததும் ஒரு செக்கன் நிக்கும், அப்படி நின்னு நின்னு பேப்பரே முடிஞ்சிடும். அதனால ஏ.எல் படிக்கிறப்போவே ஒவ்வொரு பாடத்திலயும் சொல்ல ரெண்டு மொழிலயும் ஒரு கொப்பில எழுதிக்கிட்டு வாங்க. இலக்கியத்தரமான இங்கிலீஷ் தேவையில்ல. பிளேன் மேனுவல் எல்லாம் குறைஞ்ச சொல்லுல, சின்ன வசனத்துல, ஒரு சொல்லுக்கு ஒரே கருத்துன்னுதான் எழுதியிருக்கும், பழகுனா ஹட்டன் பஸ்ல உக்காந்துக்கிட்டே வாசிக்கலாம்.

கைவேலையும் முக்கியம். லொக்வயர்னு ஒரு மெல்லிய கம்பி, போல்ட் கழண்டுடாம ரெண்டு போல்ட்ட சேர்த்து முறுக்கிக் கட்டுறது. கம்பி போல்ட்ட இறுக்குற பக்கமா இழுத்துக்கிட்டு இருக்கணும், பக்கம் மாறிச்சுன்னா கட்டுனதுக்கு அர்த்தமே இல்ல. கப்பல் பிளேன்ல இதுக்கு மேல உப்பு சேருது. உப்புக்காத்துல அலுமினியம் அரிச்சிடும்னு நல்ல தண்ணில கழுவுறது, பெயின்ட் உரிஞ்ச இடத்த தேடுறது, மடிக்கிற சிறகோட மூட்டுக்கு கிரீஸ் வைக்கிறதுன்னு வேலை ஓயாது. மெட்டீரியல் மொடியூல்ல அரிப்பு பகுதிய அதனால தட்டிவிட்டுட்டு போகாதீங்க.

கோர்ஸ்ல காசு கட்டுறதுக்கு முன்ன அந்த இடத்துக்கு சிவில் விமான சேவைகள் அதிகாரசபையோட பார்ட் 147 அங்கீகாரம், அதாவது பயிற்சி நிறுவனத்துக்கான அனுமதி, இருக்கான்னு அதிகாரசபைகிட்டயே கேளுங்க. சான்றிதழ் தர்றது வேற, லைசன்ஸுக்கு செல்லுபடியாகுறது வேற. அம்மாவோட தோட அடகு வச்சு குடுக்குற காசு அது.

தோட்டத்துப் பிள்ளைங்க இன்னொண்ணும் பார்க்கணும். பிறப்புச் சான்றிதழ்ல ஒரு பேரு, ஐடென்டிட்டி கார்ட்ல ஒரு எழுத்து, ஸ்கூல்ல வேற முதலெழுத்துன்னு நிறைய பேருக்கு இருக்கு. ஏர்போர்ட் பாஸ், லைசன்ஸ், படைக்கான விண்ணப்பம் எல்லாத்துக்கும் பேரு ஒத்துப்போகணும். திருத்துறதுக்கு நாள் எடுக்கும், ஓ.எல் முடிஞ்ச லீவுல தொடங்கிடுங்க.

பொம்பளைப் பிள்ளைங்க முடியுமான்னு கேக்குறவங்களுக்கு, 2019 டிசம்பர்ல ஷிவாங்கிங்கிற பெண் இந்தியன் நேவியோட முதல் பெண் பைலட்டா கொச்சில பைலட் சின்னமான சிறகு வாங்குனாங்க, அவங்க ஓட்டுனதும் டோர்னியர்தான். மெயின்டனன்ஸ்லயும் நானும் இன்னும் பல பேரும் இருக்கோம். வீட்டுல பயப்படுறாங்கன்னா அம்மா அப்பாவ என்கிட்ட பேசச் சொல்லுங்க.

கடைசியா கண்ணு. நிறக்குருடு இருக்கான்னு ஏ.எல் பிரிவு தெரிவு பண்றதுக்கு முன்னயே ஒரு கண் டாக்டர்கிட்ட பாருங்க. கலர் புள்ளிக்குள்ள நம்பர் வாசிக்கிற சின்ன டெஸ்ட்தான், கொஞ்ச நேரத்துல முடிஞ்சிடும். பைலட்டுக்கு மட்டுமில்ல, வயர் கலர் பார்த்து வேலை செய்ற மெக்கானிக்குக்கும் அது வேணும்.