கடைசி ஸ்டேஷனில் இறங்கி என்ன செய்வது?

மட்டக்களப்பு ஸ்டேஷனுக்கு அங்கால் தண்டவாளம் கிடையாது. காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று போகிற சனம் இங்கே இறங்கி பஸ் பிடிக்க வேண்டியதுதான். உதயதேவி ரயில் வந்து நின்றால் கொஞ்ச நேரத்தில் மேடை காலி. நானும் இறங்கியதும் ஆட்டோ தேடுகிற ஆள்தான்.

மகள் ஒசாகாவில் வேலை செய்கிறாள். அவளிடம் போயிருந்தபோது ஹான்க்யூ என்ற தனியார் ரயில் கம்பனியின் உமேதா ஸ்டேஷனைப் பார்த்தேன். அதுவும் கடைசி ஸ்டேஷன்தான். 9 தண்டவாளங்கள், 10 மேடைகள். ரயில் வந்ததும் ஒரு பக்கக் கதவு திறந்து ஆட்களை இறக்குகிறது. பிறகுதான் மறுபக்கக் கதவு திறந்து நிற்பவர்களை ஏற்றுகிறது. இடிபாடே இல்லை. எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் பூட்டுகிற வேலையும் இல்லை, மின்சார ரயில், சாரதி நடந்து மறுமுனைக்குப் போய்விடுகிறார். கோபே, தகராசுகா, கியோத்தோ என்று மூன்று பக்கம் போகிற ரயில்கள் ஒரே நேரத்தில் வெளிக்கிட்டு, யோதோ ஆற்றை அருகருகே கடக்கின்றன. "அப்பா, வாங்க போவம்" என்று மகள் இழுத்தும் நான் அசையவில்லை.

ஆனால் என்னைப் பிடித்துக்கொண்டது ரயில் அல்ல, அதைத் தொடங்கிய கோபயாஷி இச்சிசோ. 1910இல் உமேதாவிலிருந்து தகராசுகாவுக்கு ரயில் விட்டபோது வழியெல்லாம் வயல். ஏற ஆளில்லை. மனுஷன் பாதையோரக் காணிகளை வாங்கி வீடு கட்டி, 10 வருடத் தவணைக்கு விற்றார். மறுமுனையான தகராசுகாவில் கூரை போட்ட நீச்சல்குளம் ஒன்று கட்டினார். தண்ணீர் ஒரே குளிர், யாரும் இறங்கவில்லை. சரி என்று குளத்தின் மேல் பலகை போட்டு, அதையே சனம் உட்காரும் இடமாக்கி, 1914இல் பெண்பிள்ளைகளை வைத்து ஆட்டம் பாட்டு நடத்தினார். முழுக்கப் பெண்களே ஆடும் அந்த அரங்கு இன்றும் நடக்கிறது. 1929இல் உமேதா ஸ்டேஷனிலேயே பெரிய கடைத்தொகுதி. காசுப் பஞ்ச காலத்தில் வெறும் சோறு மட்டும் வாங்கி, மேசையிலிருந்த சோஸை ஊற்றிச் சாப்பிட்டவர்களையும் அங்கே விரட்டவில்லையாம். காசு வந்ததும் அவர்கள் வேறெங்கே போவார்கள்?

அங்கே காணியும் ரயிலும் ஒரே கம்பனியின் கையில். இங்கே அரசாங்க ரயில். அது விளங்காமல் இல்லை. ஆனாலும் பாதையைக் கல்முனைக்கு நீட்டச் சொல்லிக் கேட்கிற நாம், இருக்கிற முனையில் ஆள் நிற்க ஒரு காரணம் வேண்டும் என்று கேட்பதில்லை. எருமைத்தயிர் இருக்கிறது, மருதமுனைச் சாரம் இருக்கிறது. சனிக்கிழமை இரவில் ஸ்டேஷன் முற்றத்தில் வடமோடிக் கூத்து போடலாமே என்று மகளிடம் போனில் சொன்னேன்.

"இங்க தகராசுகாவில பெண்கள்தான் ஆம்பிளை வேஷம் கட்டுறது, உங்கட கூத்தில மறுவளம்" என்று சிரித்தாள். பிறகு, "எத்தனை மணிக்குத் தொடங்கும், அப்பா?" என்றாள்.