அட்டெண்டர் யாருங்க?

அக்டோபர் 14
மேன்ஷனில் 307-ஆம் அறைக்காரனுக்கு இரண்டாம் நாள் காய்ச்சல், 102. டெங்குவுக்கான ரத்தப் பரிசோதனை, என்.எஸ்.1, பாசிட்டிவ். பாராசிட்டமால் 650, ஆறு மணி நேரத்துக்கு ஒன்று, நாளுக்கு நான்கைத் தாண்டக் கூடாது. மருந்துக்கடையில் உடம்புவலி என்றதும் எடுத்து நீட்டும் டைக்ளோஃபெனாக், புரூஃபன் வேண்டவே வேண்டாம். ரத்தக்கசிவில் கொண்டுவிடும்.

அறைக்கதவை உள்ளே தாழ்ப்பாள் போடக் கூடாது.

அக்டோபர் 15
வாட்ஸப்பில் 'டேக் கேர் மச்சி' குவிகிறது. திருவல்லிக்கேணி மேன்ஷனில் தனியாள் படுத்தால் இதுதான் கிடைக்கும். யாரும் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. என்ன செய்வதென்று தெரியாது, அவ்வளவுதான். "ஏதாச்சும் வேணும்னா சொல்லுடா" என்பவனிடம் கேட்க வாய் வராது. "ஏழரைக்கு ரெண்டு இளநீ, நாலு ஓ.ஆர்.எஸ். பாக்கெட் வாங்கிட்டு வா" என்றால் ஏழேகாலுக்கே நிற்பான். ஆகவே வேலையைப் பிரித்தாயிற்று. ரத்த ரிப்போர்ட் ஆபீஸ் நண்பன். கஞ்சி, ரசஞ்சாதம் மெஸ் அக்கா. ராத்திரி பக்கத்து அறை அண்ணன். ஊரிலிருக்கும் அம்மாவுக்குத் தினம் ஒரே ஆள் பேச வேண்டும்; நாலு பேர் நாலு விதமாகச் சொன்னால் அவர் பஸ் ஏறிவிடுவார்.

அக்டோபர் 16
ஸிமெட் என்ற உளவியலாளரின் குழு 1988-ல் வெளியிட்ட சமூக ஆதரவு அளவுகோலில் 12 கூற்றுகள்: குடும்பத்துக்கு 4, நண்பர்களுக்கு 4, 'எனக்கென்று ஒருவர்' என்பதற்கு 4. தனியாளுக்கு மூன்றாவதில் மதிப்பெண் குறையும். மாற்றுச்சாவி யாரிடம் என்று ஒரு கூற்றும் இல்லை. அதையல்லவா முதலில் கேட்டிருக்க வேண்டும்?

அக்டோபர் 17
காய்ச்சல் விட்டது. எல்லோருக்கும் சந்தோஷம். பயப்பட வேண்டியதே இனிமேல்தான்: டெங்குவில் சூடு இறங்கிய அடுத்த ஒன்றிரண்டு நாளில்தான் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசியும். வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், கைகால் சில்லிடுதல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, இதில் ஒன்று வந்தாலும் 108. ஊரே பிளேட்லெட் எத்தனை என்கிறது. நீர் கசிந்து ரத்தம் கெட்டியாவதைக் காட்டும் பி.சி.வி. ஏறுகிறதா என்று கேட்க ஒரு நாதி இல்லை.

தாழ்ப்பாள்!

அக்டோபர் 18
விடிகாலை வயிற்றுவலி. சேர்த்தாயிற்று. சீட்டு எழுதுமிடத்தில் முதல் கேள்வியே "அட்டெண்டர் யாருங்க?" ஆதார், பழைய ரிப்போர்ட்டுகள், லுங்கி, டம்ளர், சார்ஜர். ஒரே ஆள் இரண்டு ராத்திரி தொடர்ந்து தாங்க மாட்டான். முறை போட வேண்டும்.

அக்டோபர் 19
பி.சி.வி. இறங்குகிறது. சிறுநீர் போகிறது.

அக்டோபர் 22
அறைக்கு வந்தாயிற்று. இனி வாரக்கணக்கில் அசதி இருக்கும், மனசும் சுணங்கும். வருகிறவர்கள் நிற்பதும் சரியாக இப்போதுதான். அரசின் மனநல உதவி எண், டெலிமானஸ் 14416, சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறது. தமிழிலேயே பேசலாம், நடுராத்திரியிலும் எடுப்பார்கள். ஆனால் ஞாயிறு ராத்திரி மெஸ் கிடையாது. அதற்கு இன்னும் ஆள் போடவில்லை.