மேசைமேல் ஒரு 37 செட்: பினாங்கு நாட்குறிப்பு

அக்டோபர் 6, 2024

லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையிலிருந்து வந்த 37 பேட்டர்ன் வெப்பிங் (பிரிட்டிஷ் சிப்பாய் உடம்பில் மாட்டும் பருத்தி வார்-பை செட், 1937 வடிவம்): இடுப்பு பெல்ட் 1, தோள் வார் 2, முன் பௌச் 2, தண்ணீர்ப் போத்தல் 1. கெடாவின் ஜித்ராவில் பிரிட்டிஷ் தரப்புச் சிப்பாய்கள் விட்டுப்போனது என்று சொல்லி விற்றார்கள். பெல்ட்டின் உட்புற முத்திரையோ 1943 என்கிறது. ஜப்பானியரோடு நடந்த ஜித்ரா சண்டை 1941 டிசம்பரிலேயே முடிந்துவிட்டது. ஜப்பான் தோற்றபின் பிரிட்டிஷ் மரீன்கள் 1945 செப்டம்பர் 3-இல் பினாங்கில் இறங்கினார்கள்; இந்தச் சாமான் அப்போதோ அதற்குப் பிறகோ வந்திருக்க வேண்டும். வாங்கும்போது முதலில் முத்திரையைத் தேடுங்கள், கதையைப் பிறகு கேட்கலாம்.

அக்டோபர் 8

பௌச் ஏன் இவ்வளவு பெரிது? முந்தைய 1908 பேட்டர்னில் பக்கத்துக்கு 5 சின்னப் பைகள், ஒவ்வொன்றிலும் 15 தோட்டா, மொத்தம் 150. ரைபிள் மட்டும் இருந்த காலத்துக்கு அது சரி. பிரென் என்ற இலகு இயந்திரத் துப்பாக்கி வந்ததும் கணக்கு மாறியது. அதன் மேகசின்களை (தோட்டா அடுக்கும் பெட்டிகளை) அணியிலுள்ள எல்லாரும் பங்கு போட்டுச் சுமக்க வேண்டும். அந்த வளைந்த மேகசின் நிற்கும் உயரத்துக்குத்தான் 37 பௌச் தைக்கப்பட்டது.

30 கொள்ளும் மேகசினில் 28-தான் போடுவார்கள், ஸ்பிரிங் தளராமல் இருக்க. பிரென்னில் போடும் .303 அங்குலத் தோட்டாவின் அடியில் விளிம்பு உண்டு. மேலே வைக்கும் தோட்டாவின் விளிம்பு கீழுள்ளதன் விளிம்புக்கு முன்னால் உட்கார வேண்டும். பின்னால் போனால் துப்பாக்கி சிக்கிக்கொள்ளும்.

அக்டோபர் 9

விடாத மழை. எதையும் வெளியே எடுக்கவில்லை.

அக்டோபர் 12

சுத்தம் செய்யும் முறை. முதலில் காய்ந்த மென்பிரஷ், நெசவு போகும் திசையிலேயே. பிறகு வடித்த நீரில் நனைத்துப் பிழிந்த ஸ்பாஞ்சால் ஒற்ற வேண்டும், தேய்க்கக் கூடாது. நிழலில் சமமாகப் பரப்பிக் காயவிடுங்கள். வாஷிங் மெஷினில் போட்டால் பருத்தி சுருங்கி, பக்கிளுக்குள் வார் நுழையாது. முத்திரை மையும் போய்விடும். பழைய பிளாங்கோ பூச்சை (வெப்பிங்குக்கு நிறமேற்றச் சிப்பாய்கள் பூசிய சாந்து) உரிக்காதீர்கள், அதுவும் அந்தப் பொருளின் வரலாறுதான்.

பித்தளையில் பிடித்த பச்சைக் களிம்பை மூங்கில் குச்சியால் சுரண்டலாம், அடியில் ஓர் அட்டைத் துண்டைச் செருகிக்கொண்டு. வீட்டுக் குத்துவிளக்குக்குப் போடுவதுபோல் புளி போட வேண்டாம்! புளிப்பு நூலுக்குள் இறங்கி, சில மாதத்தில் அந்த இடம் பொடிந்துவிடும். பிராஸோ என்ற பித்தளைப் பாலிஷும் வேண்டாம், அதன் வெள்ளைப் பொடி நெசவில் தங்கினால் வெளியே வராது.

வலது தோள் வாரில் தையல் இற்றிருக்கிறது, துணி திடமாக இருக்கிறது. இந்த ஊர் ஈரத்தில் முதலில் போவது தையல் நூல்தான். பழைய நூலை அறுக்காமல், பழைய ஓட்டைகள் வழியாகவே புதுப் பருத்தி நூலைக் கோத்தாயிற்று.

அக்டோபர் 15

போத்தல். நீல எனாமல் பூசிய இரும்பு, கம்பளி உறை, கார்க் மூடி, கொள்ளளவு ஏறக்குறைய 1.1 லிட்டர். உறையை நனைத்தால் காற்றில் உலர உலரத் தண்ணீர் குளிரும். நல்ல யோசனைதான், ஆனால் கழுத்தில் எனாமல் சில்லு பெயர்ந்தால் அங்கேதான் துரு ஆரம்பிக்கிறது. இதிலும் அப்படித்தான்.

அக்டோபர் 19

இன்று 1944-இன் வடிவமான 44 பேட்டர்னைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாயிற்று. காட்டின் ஈரத்துக்கென்றே செய்தது. மழையில் பிளாங்கோ கரைந்து ஓடியதால், துணியை ஆலையிலேயே பச்சைச் சாயம் ஏற்றி, பூஞ்சைத் தடுப்பும் கொடுத்துவிட்டார்கள். கொக்கிகள் மினுங்குவதில்லை. போத்தல் அலுமினியம், அதோடு வரும் உலோகக் கோப்பையை அடுப்பில் வைத்துத் தேத்தண்ணி போடலாம். உலகப் போருக்குத் தாமதமாக வந்தாலும், கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு எதிராக 1948-இல் தொடங்கிய அவசரகாலத்தில் மலாயாக் காடுகளில் இதுதான் உழைத்தது.

ஜப்பானியர் பக்கமும் இதே கதை. தோல் பௌச்களில் முன்னால் இரண்டில் 30, 30 தோட்டா, பின்னால் ஒன்றில் 60. தோலுக்குத் தட்டுப்பாடு வந்ததும் ரப்பர் பூசிய துணிக்கு மாறினார்கள். ரப்பர் துணி நம் வெயிலில் பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளும், மடித்து வைத்தால் பிரியாது. அதனால் உள்ளே அமிலமில்லாத தாளைத் திணித்து, தனிப் பெட்டியில் வையுங்கள்.

அக்டோபர் 20

கேமராக்காரர்கள் வைத்திருக்கும் உலர் பெட்டிக்குள் 37 செட் போயிற்று. ஈரப்பதம் 50 சதவீதம். இன்னும் உலர்த்தினால் நல்லது என்று 35-க்கு இறக்கிவிடாதீர்கள், பருத்தி முறுகிவிடும். பெல்ட்டை மடிக்காமல் தாளோடு சேர்த்துத் தளர்வாகச் சுருட்டியிருக்கிறது. மூன்று வாரம் கழித்துத் திறந்து, களிம்பு திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும்.