சிஆர்பி குறைஞ்சா போதுமா?

முடக்குவாத ஓபியில நர்ஸா சேர்ந்த புதுசுல எனக்கு எல்லாமே சிஆர்பி (உடம்புல அழற்சி இருந்தா ரத்தத்துல ஏறுற ஒரு புரதம்) நம்பர்தான். அது குறைஞ்சா மருந்து வேலை செய்யுது, குறையலன்னா செய்யல, அவ்ளோதான்னு நெனச்சிட்டு இருந்தேன். சீனியர் அக்கா ஒருத்தங்கதான் "மொதல்ல கையைப் பிடிச்சுப் பாரு, அப்புறம் ரிப்போர்ட்டைப் பிரி"ன்னு பழக்கிவிட்டாங்க. ரெண்டு கட்டைவிரலால விரல் மூட்டை மெதுவா அமுக்கினா, வீக்கம் இருக்கிற எடம் எலும்பு மாதிரி கெட்டியா இருக்காது, மெத்துமெத்துன்னு உள்ள போகும், சில பேருக்கு தோல்லயே சூடு தெரியும். தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல், முழங்கால்னு மொத்தம் 28 மூட்டு பாத்து எண்ணணும்.

மெத்தோட்ரெக்ஸேட்ங்கிற, வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் போடற முடக்குவாத மருந்தை ஆரம்பிச்சவங்களுக்கு அது நல்லா கேக்க 6லேர்ந்து 12 வாரம் ஆயிடும், அதுவரைக்கும் தாங்கத்தான் கொஞ்ச நாளைக்கு ஸ்டீராய்டு குடுக்கறது, ஆனா ஸ்டீராய்டு சில நாள்லயே வேலை காட்டிடறதால "சிஸ்டர், இந்த மாத்திரையே போதுமே, வாரத்துக்கு ஒரு நாள் போடறது எதுக்கு"ன்னு கேப்பாங்க. அவங்களைச் சொல்லி தப்பில்ல. வலி மாத்திரையும் வலியைத்தான் அடக்கும், உள்ள மூட்டு அரிக்கிறத நிறுத்தாதுன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் உக்காந்து சொல்லணும். மெத்தோட்ரெக்ஸேட் அட்டை மேல பேனாவால கெழமையை எழுதியே குடுப்பேன், ஏன்னா தினமும் போட்டுட்டா உயிருக்கே ஆபத்து.

என் மனசுல இன்னும் உறுத்தறது வேற ஒண்ணு. முடக்குவாதத்துக்கு டோசிலிசுமாப்ங்கிற ஊசி போட்டுட்டு இருந்த ஒரு அம்மா லேசா இருமிக்கிட்டே வந்தாங்க, சிஆர்பி ஒண்ணுக்கும் கீழ இருந்துச்சு, "ரிப்போர்ட் சூப்பரா இருக்கும்மா"ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டு ஊசிக்கு ரெடி பண்ண ஆரம்பிச்சிட்டேன். கையைத் தொட்டா கொதிக்குது, மூட்டு மட்டும் இல்ல, கை முழுக்க. டாக்டர் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னாங்க, நிமோனியா. அந்த மருந்து தடுக்கறது ஐஎல்-6ங்கிற, அழற்சியைத் தூண்டற புரதத்தோட வேலையை, கல்லீரலை சிஆர்பி சுரக்கச் சொல்றதே பெரும்பாலும் அந்த ஐஎல்-6தான், அதனால உள்ள கிருமி இருந்தாலும் நம்பர் ஏறாமலே இருக்கலாம்னு அன்னைக்குத்தான் எனக்கு உறைச்சுது. ஊசியைத் தள்ளிப்போட்டு ஆன்டிபயாடிக் குடுத்தாங்க, அந்த அம்மா பொழச்சுக்கிட்டாங்க.

இப்பல்லாம் காய்ச்சல் இருக்கா, இருமல் இருக்கா, புண்ணு ஏதாவது இருக்கான்னு கேட்டு, டெம்பரேச்சரும் பாத்த பிறகுதான் ஃப்ரிட்ஜ்லேர்ந்து அந்த ஊசியையே எடுப்பேன்.